பேர் போட்ட பாத்திரங்கள்

நல்ல செய்தி கேட்டுப் பயந்துபோனவர்கள் அன்றைக்கு மேற்கு மாம்பலத்தில் எத்தனை பேரோ, தெரியாது. தங்கபுஷ்பம் ஒருத்தி இருந்தாள், அது நிச்சயம்.

சுதந்திரப் பொன்விழாவுக்கு முந்தின நாள். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டு டெலிபோன் அடித்தது. மகள் ஷண்முகப்ரியா படிக்கும் பள்ளியிலிருந்து டிராயிங் டீச்சர் கோமளம் பேசினாள்.

"பொன்விழாவுக்குப் படம் வரையற போட்டி வச்சிருந்தோமோன்னோ, உங்க பொண்ணுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ். நேத்திலேர்ந்து நான் அதையே பாத்துண்டு நிக்கறேன்."

தங்கபுஷ்பம் திருச்செந்தூர் இருக்கும் திசையை உத்தேசமாகக் கணக்கிட்டு ஒரு கும்பிடு போட்டாள். "என்னத்த டீச்சர் வரஞ்சிருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவளுடைய சந்தோஷம் முடிந்தது.

"அஞ்சு பசங்க, பாத்திரத்தையெல்லாம் வாத்தியமாக்கி வாசிக்கறா. ஒருத்தன் அண்டாவைத் தட்டறான். ஒருத்தன் புட்டுக்குழாயை நாயனமா வச்சுண்டு ஊதறான். பாத்தா சத்தம் காதுல விழறது! அதோட ஒவ்வொரு பாத்திரத்துலயும் ஒரு பையன் பேர், ஊர், தேதி எல்லாம் போட்டிருக்கா, கடையில பேர் வெட்டித் தருவாளே, அச்சு அசல் அதே மாதிரி. என்ன ஒரு கற்பனை! மூணு மணிக்கு விழா. சீஃப் கெஸ்ட், லேபர் ஆபீசர் ராஜகோபாலன். அவர் கையாலதான் பரிசு. அவசியம் வந்துடுங்கோ."

டெலிபோனை வைத்த பிறகும் தங்கபுஷ்பம் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. கற்பனையாம். டீச்சருக்கு என்ன தெரியும். அந்த ஐந்து பேருக்கும் காலையில் இட்லி அவித்து அனுப்பியதே அவள்தான்.

தியாகராய நகரில் அவள் கணவர் அய்யாதுரை பாத்திரக் கடை வைத்திருந்தார். கடையில் பெரிய ஆட்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஐந்து பேர். எல்லோரும் தெற்கே சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பதினாலு, கடைசிப் பொடியனுக்குப் பத்து. பாத்திரம் துடைப்பது, அடுக்குவது, ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது, கோடவுனிலேயே படுத்துக்கொள்வது. "ஊர்ல கெடந்தா ஆடு மேய்ப்பானுவ, இங்க நம்மகிட்ட வயிறார சாப்பிடுதானுவ" என்று அய்யாதுரை சொல்வார். அவர் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். தங்கபுஷ்பத்துக்கும் பல வருடம் நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருடம் அது பலிக்கவில்லை. கடைகளில் சின்னப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்களா என்று அரசாங்கத்திலிருந்து ஆட்கள் நோட்டும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடையில் பிள்ளைகள் அகப்பட்டுப் போனார்கள். முதலாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைத் தெருவே நின்று பார்த்தது. கடைக்குப் பூட்டு விழுந்தது. அதே ஆட்கள் அய்யாதுரை கடைக்கு வந்த அன்று, ஐந்து பிள்ளைகளும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம், மூச்சுக் காட்டாமல். கடைசிப் பொடியன் பயத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டான். அதைத் துவைத்துப் போட்டதும் தங்கபுஷ்பம்தான். அன்றிலிருந்து வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். பிள்ளைகளுக்கு அவளே பாடம் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாள்: யார் கேட்டாலும் முதலாளி எங்க மாமா, இது எங்க அத்தை, லீவுக்கு வந்திருக்கோம்.

கடைக்குப் போன் போட்டு, ஆபீசர் வருவது முதல் எல்லாம் சொன்னாள்.

"பேரு எழுதிருக்காளா? ஊருமா?" என்றார் அய்யாதுரை.

"தேதியும் போட்டிருக்காளாம்."

"எந்தத் தேதி?"

"எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைய கடைக்கு வந்த தேதியாத்தான் இருக்கும். எந்தப் பய எப்ப வந்தான்னு அவளுக்குத் தெரியாதா?"

அய்யாதுரை எதற்கும் அசையாத மனுஷர். குரல் இறங்கிப்போய் வந்தது. "நான் வந்தா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும் புஷ்பம். நீ போ. எப்படியாவது அந்தப் பேருகளை அழிச்சிரு. அந்த ஆபீசரு பாத்தான்னா சாட்சியே வேண்டாம், நேரா இங்கதான் ஜீப்பு வரும். பயலுவள நான் பாத்துக்கிடுதேன்."

அவள் மகளின் மேஜையைக் குடைந்தாள். வெள்ளை போஸ்டர் கலர் பாட்டில் ஒன்று, கறுப்பு ஒன்று, மெல்லிய பிரஷ் ஒன்று. எவர்சில்வர் நிறத்துக்கு வெள்ளையில் துளி கறுப்பு போதும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டைப் பூட்டினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

ஆட்டோக்காரர் பாதி வழியில் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரி கீது? ஆஸ்பத்திரி எதுனா போவணுமா?"

"இல்ல, பள்ளிக்கூடத்துக்குத்தான். ஆழ்வார்பேட்டை."

"புள்ள இன்னா வம்பு பண்ணிச்சு?"

"மொதப் பரிசு வாங்கிருக்கா."

அவர் முழுசாகத் திரும்பிப் பார்த்துவிட்டார். "அதுக்கா இப்டி குந்திக்கினு வர்றே!"

தேனாம்பேட்டை சிக்னலில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் காகிதக் கொடி விற்றுக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடினார்கள். ஒருவன் ஆட்டோவுக்குள் கொடியை நீட்டி, "வாங்கிக்கக்கா" என்றான். மற்ற நாளாயிருந்தால் வாங்கியிருப்பாள். இன்று அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிக்குள் போகும்போது மணி இரண்டேகால். மண்டபத்தில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் நெடுகத் தெர்மோகோல் பலகைகளில் படங்களைக் குத்தி வைத்திருந்தார்கள். காந்தி, கொடி, புறா, மறுபடியும் காந்தி. கடைசிப் பலகையில், சம்கி ஒட்டிய கரைக்கு நடுவில், தனியாக ஒரு படம்.

பயத்தோடு போனவள், அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பயத்தை மறந்தாள்.

கடையின் கோடவுன்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை அடைத்த பிறகு சாப்பாட்டுத் தூக்கோடு ஷண்முகப்ரியா அங்கே போவாள். போனால் லேசில் திரும்ப மாட்டாள். இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே சின்ன ஜன்னலிலிருந்து வெயில் விழுகிறது. சுடலைமணி ஒடுங்கின அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறான். இசக்கிமுத்து கன்னம் உப்பப் புட்டுக்குழாயை ஊதுகிறான். அய்யனார் தாம்பாளத்தை ஜல்லிக்கரண்டியால் தட்டுகிறான். மாடசாமி இட்லித் தட்டு அடுக்கைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டுகிறான். முன்னால், தரையில் சம்மணம் போட்டு, தன்னைவிடப் பெரிய எவர்சில்வர் குடத்தை வயிற்றோடு அணைத்துக் கடம் வாசிக்கிறான் கடைசிப் பொடியன். அவன் கண் மூடியிருந்தது. ஐந்து முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. கடையில் அந்தப் பிள்ளைகள் இப்படிச் சிரித்துத் தான் ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று தங்கபுஷ்பம் நினைத்தாள்.

கிட்டே போனாள். பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

டீச்சர் சொன்னது சரிதான், அச்சு அசல் பேர் வெட்டின மாதிரியே இருந்தது. அண்டாவின் விளிம்பில்: 'மு. சுடலைமணி, சுரண்டை, 2-5-93.' இட்லித் தட்டில்கூட, பொட்டுப் பொட்டான எழுத்தில், பேரும் ஊரும் தேதியும். கடையில் பேர் வெட்டுகிற ஆள் லீவு போட்டால் முகூர்த்த நாள்களில் தங்கபுஷ்பமே மின்சாரப் பேனாவைப் பிடித்து உட்கார்ந்துவிடுவாள். நல்ல கை. கல்யாணப் பாத்திரத்துக்கு இப்படித்தான் வெட்டுவாள். பேர், ஊர், தேதி. அதைப் பார்த்து வளர்ந்த பெண், பாத்திரம் என்றால் அது இல்லாமல் வரையத் தெரியாமல் இதைச் செய்து வைத்திருக்கிறது. போலீஸ்காரன் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாலும் இவ்வளவு சுத்தமாக ஒரு வாக்குமூலம் எழுதியிருக்க மாட்டான்.

"அம்மா! பாத்தியா?" என்று பின்னாலிருந்து ஓடிவந்தாள் ஷண்முகப்ரியா. எட்டாவது படிக்கிறாள். இரட்டைப் பின்னல், நெஞ்சில் கொடி குத்தியிருந்தாள்.

"ஏட்டி, பேரை எதுக்குட்டி போட்ட?"

"பாத்திரம்னா பேரு போடணும்ல? இல்லாட்டி யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"அவனுவளுக்கு ஏதுட்டி பாத்திரம்?"

"அதாம்மா போட்டேன். ஊருக்கெல்லாம் பேர் வெட்டித் தர்றோம். அவங்களுக்கு ஒரு டம்ளர்லகூட வெட்டினதில்லையே."

தங்கபுஷ்பத்துக்குச் சட்டென்று கோபம் வந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள். "வாரவன் லேபர் ஆபீசருட்டி. இதைப் பாத்தான்னா இன்னிக்கே உங்கப்பாவ ஜீப்புல ஏத்திருவான். அந்தத் துணிக்கடைக்காரரு போனாரே, அந்த மாதிரி. கடைக்குப் பூட்டு. நீ வரஞ்ச படம்தான் சாட்சி."

பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு, துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "சத்தியமா தெரியாது. நான் அப்பாவ..."

"அழாத. அழுதா எல்லாரும் பாப்பாவ. இப்படி வந்து எனக்கு மறைப்பா நில்லு. யாரும் கேட்டா சிரிச்சிக்கிட்டே பேசு. அந்த ஆளு வந்து யாரு இவங்கன்னு கேட்டா, கற்பனைன்னு சொல்லிரு. எனக்கு யாரையும் தெரியாதுன்னு சொல்லிரு. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். பரிசு வாங்க வந்த பிள்ளை, காவலுக்கு நின்றது.

பாட்டில் மூடியில் வெள்ளையும் கறுப்பும் குழைத்துத் தங்கபுஷ்பம் அண்டாவில் ஆரம்பித்தாள். பழகின கை. சுடலைமணி போனான், சுரண்டை போனது, தேதி போனது. ஈரமாக இருந்தபோது கறையாகத் தெரிந்த இடம், காயக் காயப் பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்த மாதிரி ஆனது. கடவுளே பார்த்துச் செய்தார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் கடவுளை இதற்குள் இழுத்ததற்குப் பின்னால் வெட்கப்பட்டாள். அப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

புட்டுக்குழாயில் இசக்கிமுத்துவை அழித்துக்கொண்டிருந்தபோது கோமளம் டீச்சர் வந்துவிட்டாள்.

"அம்மா வந்தாச்சா! என்ன, கிட்ட நின்னுண்டு ரசிக்கறேளா?"

தங்கபுஷ்பம் பிரஷைப் புடவைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாள். சாம்பல் நிறம் இடுப்பில் ஈரமாக ஒட்டியது. ஷண்முகப்ரியாதான் முந்திக்கொண்டாள். "அம்மா பக்கத்துல பாக்கணும்னாங்க மிஸ். அவங்களுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்."

"அடடா, நன்னா பாருங்கோ, நன்னா பாருங்கோ" என்று டீச்சர் நாற்காலிப் பக்கம் போய்விட்டாள்.

தங்கபுஷ்பம் மகளைப் பார்த்தாள். பொய் எவ்வளவு லேசாக வந்தது! இதே பெண் அரை மணிக்கு முன்னால் பேருக்குக் காரணம் கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னவள். சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் பிரஷை வெளியே எடுத்து மாடசாமியை அழித்தாள், அய்யனாரை அழித்தாள். மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம்.

குடம் மட்டும் மிச்சம். குடத்தின் கழுத்துக்குக் கீழே, மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில், 'ச. பேச்சிமுத்து, ஊத்துமலை, 9-6-95.' குடத்துக்கு எப்போதும் பெரிய எழுத்துதான், அதுவும் கடை வழக்கம்.

பிரஷ் அங்கே நின்றது.

கடையில் யாரும் அவனைப் பேச்சிமுத்து என்று கூப்பிடுவதில்லை. 'பொடியா', 'ஏலே', அவ்வளவுதான். அவன் பேரை முழுசாகக் கடைசியாகக் கேட்டது அவன் அம்மா வாயிலிருந்து. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தங்கபுஷ்பத்தின் முன்னால் நிறுத்தினாள் அந்த மனுஷி. அவன் தலையில் எண்ணெய் வழிந்தது. "பேச்சிமுத்து மூணாப்பு முடிச்சிட்டான்க்கா. எழுத்துக்கூட்டி வாசிப்பான். இருட்டுன்னா மட்டும் பயப்படுவான், வேற தொந்தரவு இல்ல" என்றாள். "எம் பிள்ளை மாதிரி பாத்துக்கிடுதேன்" என்று இவள் சொன்னாள். சொன்னபோது பொய்யாகச் சொல்லவில்லை. ரயில் ஏறிச் சென்னை வந்து, வீடு, கடை, மகளின் பள்ளிக்கூடம் என்று ஆனதில், சொன்னது மறந்துபோயிற்று. அவனுக்கு இருட்டு என்றால் பயம் என்பதும் மறந்துபோயிற்று. இரண்டு வருடமாக அவன் கோடவுனில் விளக்கு அணைத்த பிறகுதான் தூங்குகிறான்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை வெட்டியிருக்கிறாள். ஒன்றையும் அழித்ததில்லை. இன்றைக்கு மட்டும் நாலு.

"அம்மா, சீக்கிரம்" என்றாள் ஷண்முகப்ரியா.

அழிக்கத்தான் வேண்டும். புருஷன் வேண்டும், கடை வேண்டும், இந்தப் பெண்ணுக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை வேண்டும். பிரஷை நனைத்தாள். 'ஊத்துமலை'யை மூடினாள். தேதியை மூடினாள். பேருக்கு வந்தபோது வாசலில் டிரம் முழங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சீஃப் கெஸ்ட் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். அந்த நகரத்தில் அன்று நேரத்துக்கு முன்னால் வந்த ஒரே சீஃப் கெஸ்ட் அவராகத்தான் இருக்கும்.

"மேடம், பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்கோ" என்று யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். பிரஷை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனாள். பேர் அப்படியே இருந்தது. ஊரும் தேதியும் இல்லாவிட்டால் வெறும் பேர் என்ன செய்துவிடும், யாரோ ஒரு பேச்சிமுத்து, உலகத்தில் ஆயிரம் பேச்சிமுத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கவாசல் வழியாக அட்டைப்பெட்டி ஒன்று உள்ளே வந்தது. பெட்டிக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள்.

அந்தப் பள்ளியில் பரிசு என்றால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்தான், ஆர்டர் அய்யாதுரைக்குத்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பெட்டிகளோடு யார் வருவது என்பதை அவள் யோசிக்கவே இல்லை. பெட்டி மேடைக்குக் கீழே இறங்கியது. அதற்குப் பின்னாலிருந்து முகம் வெளியே வந்தது. கடைசிப் பொடியன்.

வண்டிக்காரர் நூர் முஹம்மது இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். தங்கபுஷ்பம் எழுந்து ஓடினாள். "பாய், இவனை ஏன் கூட்டியாந்தீய?"

"மொதலாளிதாம்மா அனுப்சாரு. பெரிய பசங்கள மாடிக்கு ஏத்திட்டாரு. இவன் அங்க குந்த வச்சா பயந்துக்கினு அழுவுறானாம். இஸ்கூல்ல ஒரு பையன் நின்னா எவன் சந்தேகப்படப் போறான், அங்கயே வுட்டு வைன்னாரு."

அய்யாதுரையின் புத்தி எப்போதும் அப்படித்தான். கேட்கும்போது நியாயமாகப் படும்.

"ஏலே பொடியா, வெளிய போ. வண்டிகிட்டப் போய் நில்லு" என்றாள். அவன் கேட்கவில்லை. அவன் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள், தூரத்தில் கரும்பலகை, மேஜை மேல் சாக்பீஸ் டப்பா. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் கோமளம் டீச்சர், "தம்பி, அந்த டிபன் பாக்ஸையெல்லாம் எடுத்து இப்படி அடுக்கு" என்று அவனை மேடையருகே நிறுத்திவிட்டாள். அடுக்குவது அவனுக்குத் தெரிந்த வேலைதான். தங்கபுஷ்பத்தை நாற்காலிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ராஜகோபாலன் சாது மனிதர். பூதம் மாதிரி ஒருவர் வருவார் என்று அவள் நினைத்திருந்தாள். வந்தவர் கதர்ச் சட்டையும் தடித்த கண்ணாடியுமாக ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "முதல்ல படங்களைப் பார்த்துடறேனே" என்று சுவரோரமாக வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். வரைந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினார். காந்தி, கொடி, புறா. தங்கபுஷ்பம் ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு. இன்னும் மூன்று. கடையின் இரும்பு ஷட்டர், அதன் மேல் அரக்கு முத்திரை, ஜீப்பின் பின்சீட்டில் அய்யாதுரையின் வழுக்கைத் தலை, எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. எழுந்து மயக்கம் போட்டு விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்கும் தைரியம் வேண்டியிருந்தது.

கடைசிப் பலகைக்கு வந்தார். நின்றார்.

"அபாரம்" என்றார் கடைசியில். "யாரும்மா இவங்கள்ளாம்? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

ஷண்முகப்ரியா நிமிர்ந்து நின்றாள். "கற்பனை சார். இவங்க யாரையும் எனக்குத் தெரியாது."

குரலில் ஒரு பிசிறு இல்லை. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாள். பெற்றவளுக்கே நம்பத் தோன்றியது. பத்தடி தள்ளி டிபன் பாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த கடைசிப் பொடியன் அந்தக் குரல் கேட்டுத் தலை நிமிர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு கொண்டுவந்து, பாதியில் வாசிப்பை நிறுத்தினால் 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று கெஞ்சுகிற அக்காவின் குரல். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் அவளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், குடத்தோடு இருக்கும் தன்னைப் பார்த்தான். பிறகு குனிந்து அடுக்க ஆரம்பித்தான். சத்தமே இல்லாமல் அடுக்கினான். தங்கபுஷ்பம் அதையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிழைத்தோம் என்றும் நினைத்தாள். இரண்டையும் ஒரே மனசு செய்தது.

ராஜகோபாலன் நகரப் போனவர், குடத்துக்கருகில் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுல ஏதோ எழுதியிருக்கே. அடேயப்பா, பாத்திரத்துல வெட்டின மாதிரியே இருக்கே!"

அவர் எழுத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், மேஜை மேல் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்த வாத்தியாரைப் போலவே, கணீரென்று படித்தார்.

"ச. பேச்சிமுத்து."

"உள்ளேன் ஐயா!"

டிபன் பாக்ஸ் ஒன்று தரையில் உருண்டது. கடைசிப் பொடியன் விறைப்பாக எழுந்து நின்று, வலது கையை உயரே தூக்கியிருந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ராஜகோபாலனும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினார். பையனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் பையனைப் பார்த்தார். பரிசுப் பெட்டியைப் பார்த்தார், அதன் மேல் அச்சடித்திருந்த கடை விலாசத்தைப் பார்த்தார், செருப்பில்லாத காலைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

'கையை இறக்குலே' என்று தங்கபுஷ்பம் சொல்லப் பார்த்தாள். அவள் உள்ளங்கைக்குள் பிரஷ் முறிந்திருந்தது. பேச்சிமுத்து தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றான். வாத்தியார் உட்காரச் சொல்லும்வரை இறக்கக் கூடாது என்று ஊத்துமலையில் யாரோ அவனுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.